மார்கிறட் தைத்த பாய்

புளியந்தீவில் பிறந்து, அங்கேயே கலியாணமும் முடித்து, ஐம்பத்திரண்டு வயது வரை மார்கிறட் தோணியில் கால் வைத்ததில்லை. சுற்றிவர வாவி கிடந்தாலும் பாலம் இருக்கிறதே என்பது அவள் கட்சி. பள்ளிக்கூடச் சட்டையும், மாதா கோயிலில் முதல்நன்மை வாங்கும் பிள்ளைகளின் உடுப்பும் தைப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஊரில் யாரும் சொல்லாவிட்டால் அவளே சொல்லிவிடுவாள்.

வைகாசியில் ஒரு நாள் புருஷன் றெஜி வேகமாக வந்தான்.

“மார்கிறட், வெள்ளைக்காரப் பொம்பிளை ஒராள்ர பாய் கிழிஞ்சிட்டாம். தைச்சுக் குடுப்பியா?”

“பாய் கிழிஞ்சா கடையில புதுசு வாங்கச் சொல்லுங்க. நான் உடுப்புத் தைக்கிறவள்.”

“படுக்கிற பாய் இல்ல புள்ள, கப்பல் பாய்!”

அவன் பின்னால் அந்த வெள்ளைக்காரி இங்கிறிட் நின்றாள், தோளில் பெரிய துணிச் சுருளோடு. புருஷனும் அவளுமாகச் சின்னப் பாய்க்கப்பலில் கடல் கடலாகச் சுற்றுகிறவர்கள். முகத்துவாரத்துக்கு வெளியே நங்கூரம் போட்டிருந்தார்கள்.

துணி வீட்டுக்குள் அடங்கவில்லை. மாதா கோயில் மண்டபத்தில் விரித்தார்கள். பழைய ஒட்டு ஒன்றைக் கண்டதும் மார்கிறட்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இதை ஆரு தைச்ச? சாக்குத் தைக்கிற ஊசியாலயா தைச்ச?”

கத்தாரில் பன்னிரண்டு வருஷம் சாரதியாக இருந்த றெஜி அதை இங்கிலீசில் சொன்னான்: “நல்ல துணி எண்டு சொல்லுறா.”

இங்கிறிட் மகிழ்ந்துபோனாள். தீவில் வாழக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்றாள்.

“தீவா? கொழும்பு பஸ் வாசல்ல வந்து நிக்குதே!” என்றாள் மார்கிறட். றெஜி அதை ‘நன்றி’ என்று மாற்றிவிட்டான்.

மூன்று ஊசி முறிந்து, இரண்டு நாளில் வேலை முடிந்தது. கப்பலுக்கு வந்து பாருங்கள் என்று இங்கிறிட் கூப்பிட்டாள்.

“ஐயோ, எனக்கு ஏலா!”

ஆனால் மறுநாள் விடிந்ததும் சேலையை மாற்றிக்கொண்டு நின்றாள். “காத்தில என்ர தையல் எப்பிடி நிக்குது எண்டு பார்க்காம சோறு இறங்காது.”

றப்பர் வள்ளத்தில் கண்ணை மூடியபடி ஒரு செபமாலையை முழுதாகச் சொல்லி முடித்தாள். கப்பலில் பாயை ஏற்றினார்கள். காற்றுப் பிடித்ததும் கப்பல் ஒருபக்கம் சாய்ந்தது. கடல் தனக்குத் தண்ணி பட்டபாடு என்று வழியெல்லாம் அளந்த றெஜி, ஓரக்கம்பியைக் கட்டிப்பிடித்து வாந்தியெடுத்தான். மார்கிறட் கடலையும் பார்க்கவில்லை, புருஷனையும் பார்க்கவில்லை. அவள் கண் தையலிலேயே நின்றது.

“நிப்பாட்டுங்க! அந்த இடத்தில சுருங்குது.”

ஒரு குறையும் இல்லை என்றாள் இங்கிறிட்.

“என்ர தையல் சுருங்கிக்கொண்டு ஊர் ஊராப் போறதா? இறக்கச் சொல்லுங்க!”

நயமாக மாற்றிச் சொல்ல றெஜிக்குச் சீவன் இருக்கவில்லை. சொன்னதை அப்படியே சொன்னான். இங்கிறிட் வாய்விட்டுச் சிரித்து, பாயை இறக்கினாள்.

மார்கிறட் கப்பலின் மேல்தட்டில் சம்மணமிட்டு இருந்து, ஒரு சாண் தையலைப் பிரித்துக் கையால் தைத்தாள். கப்பல் தொட்டிலாக ஆடியது. அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. மறுபடி ஏற்றியபோது பாய் மடிப்பில்லாமல் விரிந்து நின்றது. பக்கத்தில் நின்ற இங்கிறிட்டின் புருஷன் கை தட்டினான். அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

கரையில் இறங்கியதும் றெஜி மணலில் குந்திவிட்டான்.

“நாளைக்கும் ஒருக்காப் போய்ப் பார்த்தா நல்லம்,” என்றாள் மார்கிறட். “புதுத் தையல்தானே.”

“நீ போ,” என்றான் றெஜி. “நான் இஞ்ச நிண்டு கை காட்டுறன்.”