துடைத்து வைத்த வீடு

சில வாரங்களாக நான் கராஜில்தான் தாளிக்கிறேன். கார் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு மடக்கு மேசை, அதன்மேல் மின்னடுப்பு, பக்கத்தில் கடுகு டப்பாவும் எண்ணெய்ப் பாட்டிலும். என் கணவருக்கு பெர்த் நகரத்துக்கு மாற்றலாகிவிட்டது, அதனால் மெல்பர்ன் வீட்டை விற்கிறோம். இந்த நாட்டில் வீட்டை விற்குமுன் அதற்கு ஒப்பனை செய்ய ஆள் வருவார்கள். அந்தத் தொழிலுக்கு ஸ்டேஜிங் என்று பெயர். எங்களுக்கு வாய்த்தவள் லிண்டா. முதல் நாள் சமையலறை வாசலிலேயே நின்று மூக்கை லேசாக உறிஞ்சினாள். விற்று முடியும்வரை உள்ளே ‘கறி’ சமைக்காமல் இருந்தால் நல்லது என்று மிகவும் அன்பாகச் சொன்னாள். எங்கள் சோபா கிடங்குக்குப் போனது, வாடகை சோபா வந்தது. யாரும் படிக்காத தடித்தடிப் புத்தகங்கள் வந்தன. சமையல் மேடையில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் நிறைய எலுமிச்சம்பழம் வைத்தாள். ஊறுகாய்க்கு ஆகுமே என்று ஒன்றை எடுத்து அமுக்கிப் பார்த்தேன். பிளாஸ்டிக்.

கடைசியாகக் கூடத்துச் சுவரில் இருந்த அப்பாவின் படத்துக்கு வந்தாள். வாங்க வருகிறவர்கள் அந்தச் சுவரில் தங்கள் குடும்பத்தைக் கற்பனை செய்து பார்க்க வேண்டுமாம், எங்கள் குடும்பம் அங்கே தொங்கினால் அது முடியாதாம். “நாங்கள் யாரென்று தெரிந்தால் வாங்க மாட்டார்களா?” என்று கேட்டேன். லிண்டாவின் முகம் சிவந்துவிட்டது. “ஓ, நோ, டார்லிங்! நீங்கள் இந்தியர்கள் என்பதற்காக இல்லை. யார் வீடாக இருந்தாலும் இதேதான்” என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னாள். அவளை நிறவெறிக்காரி என்று நான் குற்றம் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டாள். மறுநாள் பிஸ்கட் டப்பாவோடு வந்து மன்னிப்புக் கேட்டாள். பாவம், நான் கேட்டது அவளை இல்லை. நான் கேட்டது பெரம்பலூரை.

அப்பா சவரிமுத்து பள்ளிக்கூட வாத்தியார். ஏலாக்குறிச்சிப் பக்கம் ஒரு காலனியில் பிறந்தவர். சின்ன வயதில் பண்ணைக்காரர்கள் தெருவைக் கடக்கும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். ஜெயங்கொண்டத்தில் வெகுகாலம் வேலை பார்த்துவிட்டு, பெரம்பலூர் பைபாஸ் பக்கம் ஒரு நகரில் மனை வாங்கி வீடு கட்டினார். அந்தத் தெருவில் எங்கள் ஆட்களில் வீடு கட்டிய முதல் ஆள் அவர்தான், கடைசி ஆளும் அவர்தான். நிலைவாசலுக்கு மேல் சிமெண்டில் ஒரு சிலுவை. கேட் தூணில் கறுப்புக் கிரானைட்டில் பட்டங்களோடு அவர் பெயர். உள்ளே கோட்டும் கண்ணாடியும் போட்ட தலைவரின் படம், யாரென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வீட்டில் ஒரே ஒரு சட்டம் உண்டு. ஊரிலிருந்து வரும் எங்கள் உறவுக்காரர்கள் பழக்கதோஷத்தில் செருப்பை கேட்டுக்கு வெளியே விட்டுவிட்டு வருவார்கள். அப்பா சாப்பாட்டுக் கையோடு எழுந்து போய்க் கத்துவார்: “செருப்ப உள்ள கொண்டாந்து வுடுங்க! இது நம்ம வூடு!” தெருவுக்கே கேட்கும். தெருவுக்குக் கேட்க வேண்டும் என்றுதான் கத்தினார் என்று இப்போது தோன்றுகிறது.

அப்பா போனபின் அம்மாவுக்கு மூட்டுவலி முற்றிவிட்டது. வரதராசன்பேட்டையில் இருக்கும் என் தங்கை தன்னோடு வைத்துக்கொள்வதாகச் சொன்னாள். வீடு விற்றால்தான் கிளம்புவேன் என்றாள் அம்மா. பூட்டிப் போட்ட வீட்டைக் கண்டவனும் வளைத்துப்போடுவான் என்று பயம். ஆனால் வீடு விற்கவில்லை. வருகிறவர்கள் எல்லாருக்கும் பிடிக்கும். தண்ணீர் நல்ல தண்ணீர், காற்றோட்டம், பஸ் ஸ்டாண்டும் பக்கம். பிறகு கேட் தூணைப் படிப்பார்கள், உள்ளே படத்தைப் பார்ப்பார்கள், போனில் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். அத்தோடு சரி. மெல்பர்ன் வீட்டை விற்கும் பேச்சே வராத சமயம் அது, நான் விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன்.

புரோக்கர் செல்வராசு மறைக்காமல் பேசுகிற ஆள். “அக்கா, நான் சொல்றேன்னு தப்பா நெனச்சுக்காதீங்க. வூடு சுத்தமா இருக்கு. ஆனா வூட்டப் பாத்ததும் இன்னாரு வூடுன்னு தெரியுது. அத எடுத்துருங்க” என்றார். பத்திரத்தில் பெயர் இருக்கிறதே என்றேன். “பத்திரம் அப்பறம் பாத்துக்கலாம். மொதல்ல ஆளு வந்து ஆசப்படட்டும். ஆசப்பட்டுட்டான்னா பெறவு அவனே கண்ண மூடிக்குவான்.”

சம்மதித்தேன். எனக்கு விடுப்பு முடிந்துகொண்டிருந்தது, அம்மாவுக்கு மாடிப்படி ஏற முடியவில்லை, வேறு என்ன செய்ய? கொத்தனார் வந்து சிலுவையைக் கொத்தி, பூசி, சுண்ணாம்பு அடித்தார். கிரானைட்டைப் பெயர்த்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினோம். நிலைக்கு மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, வெள்ளிக்கடையில் கொடுத்த லட்சுமி காலண்டரை மாட்டினோம். எதிர்வீட்டு அம்மாள் தன் வீட்டுத் துளசித்தொட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து எங்கள் முன்வாசலில் வைத்தாள். இத்தனை வருடத்தில் எங்கள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்திராதவள். நாங்கள் காலி செய்வதில் அவளுக்கு அவ்வளவு அக்கறை. தலைவர் படம் பீரோவுக்குள் புடவைகளுக்கு நடுவில் போயிற்று. அம்மா மாதா சொரூபத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “இவங்கள எங்கடி வெக்கிறது?” என்று கேட்டாள். அவளே எழுந்து, ஒரு துண்டில் சுற்றி, அரிசி ட்ரம்முக்குள் வைத்து மூடினாள். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் யார்மேல் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

இரண்டு நாளில் செந்துறைப் பக்கத்திலிருந்து ஒருவர் தன் தாயாரை அழைத்துக்கொண்டு வந்தார். அரியலூரில் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருப்பவர். இஸ்திரி கலையாத சட்டை, புதுக் கார், கையில் இரண்டு போன். படியோரம் செருப்பைக் கழற்றிவிட்டுக் கணீரென்று பேசிக்கொண்டே உள்ளே வந்தார். துளசியைப் பார்த்தார், மாவிலையைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. ஒவ்வொரு அறையிலும் சுவரைத் தட்டிப் பார்த்து, “கட்டுனா இப்டிக் கட்டணுங்க” என்றார். செல்வராசு எனக்குக் கண்ணைக் காட்டினார். ஆள் ஆசைப்பட்டுவிட்டார்.

அந்தத் தாயார் உள்ளே வராமல் முன்வாசலிலேயே நின்றார். அம்மா ஜன்னல் வழியாக அவரைப் பார்த்தாள். வெறும் கால். செருப்பு எங்கே என்று அம்மாவின் கண் தேடியது. கேட்டுக்கு வெளியே, சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பிய வெள்ளைப் புழுதியில், ரோட்டோரமாகக் கிடந்தது.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நான் தடுப்பதற்குள் வாசலுக்குப் போய்விட்டாள். “ஏம்மா, செருப்ப உள்ள கொண்டாந்து வுடுங்க” என்றாள். அந்தத் தாயார் பதறிப்போய், “இருக்கட்டும் தாயி, அங்கயே கெடக்கட்டும்” என்றார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “இது நம்ம வூடும்மா. நாங்களும் நம்ம ஆளுங்கதான்.” அவர் நம்பவில்லை, துளசியையே பார்த்துக்கொண்டு நின்றார். அதனால் அம்மா சமையலறைக்கு நொண்டிக்கொண்டே போய், ட்ரம்மைத் திறந்து, துண்டைப் பிரித்து, அரிசி ஒட்டிக்கொண்டிருந்த மாதாவை எடுத்துவந்து காட்டினாள். அப்பா போனபின் அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. நம் ஆள் ஒருத்தர் வாங்குகிறார், வாத்தியார் வீடு நம்மவர்களிடமே போகிறது என்று அவள் நினைத்துவிட்டாள்.

அந்த மனிதர் பேச்சை நிறுத்திவிட்டார். போன்களைப் பையில் போட்டார். பிறகு அம்மாவிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

“இது நீங்க குடியிருந்த வூடுன்னு தெருவுக்குத் தெரியுமில்லீங்களா?”

“தெரியாம? வாத்தியாரு வூடுன்னா பெரம்பலூருக்கே தெரியும் தம்பி.”

“அதாங்கம்மா. எம் பொண்ணு டென்த்து போவப் போறா. இங்கயாச்சும் யாரும் எதுவும் கேக்காம இருக்கட்டும்னுதான் தேடி வந்தேன். இந்த வூட்ட வாங்குனா வாங்குன அன்னிக்கே தெரிஞ்சிரும்.”

“தெரிஞ்சா என்ன தம்பி? நாம என்ன திருடிட்டா வந்தோம்?”

அவர் அம்மாவின் கையிலிருந்ததைப் பார்த்தார். “அப்ப நீங்க ஏங்கம்மா மாதாவ ட்ரம்முல வெச்சிருந்தீங்க?” என்றார். குத்தலாகக் கேட்கவில்லை. வருத்தமாகத்தான் கேட்டார். அதனால்தான் இன்றும் வலிக்கிறது. தாயாரைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போனார். அந்த அம்மாள் கேட்டுக்கு வெளியே குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டதை நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். சாயங்காலம் துளசித்தொட்டியை எதிர்வீட்டு வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன்.

கடைசியில் வீட்டைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காத ஒருவர் வாங்கினார். அவருக்கு வேண்டியது மனை. நான் மெல்பர்ன் திரும்பிய கொஞ்ச நாளில் செல்வராசு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். தரைமட்டம். கேட்டும் ஒரு தூணும் மட்டும் நின்றன, தூணில் கிரானைட் பெயர்த்த இடம் சதுரமாகத் தெரிந்தது. அம்மாவிடம் நான் காட்டவில்லை.

இங்கே யாரும் கேட்பதில்லை என்று நினைத்துத்தான் நம்மில் பலர் இங்கே நிம்மதியாக இருக்கிறோம். வெள்ளைக்காரர்கள் கேட்பதில்லை, உண்மைதான். அவர்களுக்குக் கேட்கத் தெரியாது. பொங்கல் விழாவில் பாயசக் கப்போடு பக்கத்தில் வந்து உட்காரும் நம்மவர்களுக்குத் தெரியும். “பெரம்பலூரா? டவுனேவா, பக்கத்துலயா? எந்தத் தெரு?” என்று இனிமையாக ஆரம்பிப்பார்கள். என் பெயர் ஸ்டெல்லா என்றதும் இன்னும் இரண்டு கேள்வி கூடும். நானும் சிரித்துக்கொண்டே பைபாஸ் பக்கம் என்பேன்.

போன சனிக்கிழமை, வாங்க நினைக்கிறவர்கள் வந்து பார்க்க எங்கள் வீட்டை ஊருக்கே திறந்துவிட்டார்கள். வீட்டுக்காரர்கள் அங்கே இருக்கக் கூடாது என்பது வழக்கம், பூங்காவுக்குப் போய்க் காரில் உட்கார்ந்திருந்தோம். மகளின் இன்ஹேலர் குளியலறை இழுப்பறையில் மறந்துபோனது. நான் மட்டும் நடந்து திரும்பினேன். வாசலில் நின்ற ஏஜெண்ட் பையன் என்னை முன்பின் பார்த்ததில்லை. “பார்க்க வந்தீர்களா?” என்றான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். என் வீட்டுக் கூடத்தில் ஒரு பெண் அப்பா இருந்த சுவரைக் கையால் தடவி, அங்கே கண்ணாடி மாட்டலாம் என்று புருஷனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் இழுப்பறையைத் திறந்து இன்ஹேலரை எடுத்தபோது வேறொருவர் என்னைத் திருடியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அவசரமாக வெளியே வந்தேன்.

வந்தவர்கள் காலணியைக் கழற்றிப் போட வாசற்படிக்குப் பக்கத்தில் லிண்டா அழகான பிரம்புக்கூடை வைத்திருந்தாள். எல்லாருடையதும் அதில் இருந்தது, என்னுடையது இல்லை. குனிந்து கிளறிப் பார்த்தேன். அந்தப் பையனும் கூடச் சேர்ந்து தேடினான். அவன்தான் முதலில் பார்த்து, கையை நீட்டிக் காட்டினான். தபால் பெட்டியையும் தாண்டி, தெருவோரப் புல்லில், இரண்டையும் ஒழுங்காகச் சேர்த்து வைத்திருந்தேன். அங்கே கழற்றச் சொல்லி என்னிடம் யாரும் சொல்லவில்லை.