வேதவல்லி டீச்சரின் நான்கு டயர்கள்

டீச்சர் போய்விட்டார் என்று அவருடைய தம்பி மகள் போனில் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள், "அந்தக் கார் இப்ப யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். இழவு சொல்ல வந்தவளிடம் கேட்கிற கேள்வியா அது? அந்தப் பெண் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. "அத்தையும் இப்படித்தான், எதுன்னாலும் முதல்ல கேள்விதான்" என்றாள். காரை விற்றுப் பல வருடம் ஆகிறதாம்.

அவரிடம் படித்த நீங்கள் எல்லாரும் சேர்ந்து நினைவு மலர் போடுகிறீர்கள், என்னையும் எழுதச் சொன்னீர்கள். உங்களுக்கு அவர் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவர். நான் மில்லர்புரத்தில் டயர் கடை வைத்திருந்தவன், உப்பு லாரிகளால் பிழைத்தவன். வகுப்பில் அவர் எப்படி இருந்தார் என்று எனக்குத் தெரியாது. என் கடை வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, டயரைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்த்த டீச்சரைத்தான் எனக்குத் தெரியும்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. கப்பல் கம்பெனி மேனேஜர் ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது தன் காரை விற்றார். இரண்டே பேர் உட்காரலாம். கூரையை மடக்கிவிடலாம். தரையோடு தரையாகப் படுத்திருக்கும். அதை ஸ்ரீவைகுண்டத்து வைணவக் குடும்பத்துப் பெண்ணான டீச்சர் வாங்கியதும் ஊருக்கு வாய் ஓயவில்லை. எனக்கும்தான் ஓயவில்லை, அதை இங்கே மறைப்பானேன்.

முதல் நாள் வந்து நாலு டயர் வேண்டும் என்றார். இருப்பதிலேயே கெட்டியான, ஆழமாகப் பள்ளம் வெட்டிய டயரை உருட்டிக்கொண்டு வந்து காட்டினேன்.

"இதப் போடுங்க டீச்சர். பத்து வருசத்துக்கு இந்தப் பக்கமே வர வேண்டாம்."

"பத்து வருசம் தேயாத டயர், ரோட்டைப் பிடிக்குமா அண்ணாச்சி?"

அப்படி ஒரு கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. எங்கள் தொழிலில் நல்ல டயர் என்றால் தேயாத டயர். அவ்வளவுதான் சாஸ்திரம். அவரோ ரப்பர் மென்மையாக இருந்தால்தான் ரோட்டை ஒட்டிப் பிடிக்கும், பிடிக்கிற ரப்பர் தேயத்தான் செய்யும் என்றார். "தேயவும் கூடாது, பிடிக்கவும் செய்யணும்னா எப்படி? ரெண்டுல எது வேணும்னு நாமதான் முடிவு பண்ணணும்" என்றார். நான் டயரைத் திரும்ப உருட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

அவர் சும்மா இருக்கவில்லை. கோயம்புத்தூரில் கார் பந்தயம் ஓட்டுகிற ஒருவருக்குக் கடிதம் எழுதி, நான்கு டயர்களை லாரி பார்சலில் வரவழைத்துவிட்டார். அகலமான டயர், பள்ளம் அதிகம் இல்லை. வெயில் காலத்துக்கும் வேகத்துக்கும் என்றே செய்தது என்றார். நகத்தால் அழுத்தினால் தடம் விழுந்தது. "என்ன டீச்சர், வழுக்கையா இருக்கு" என்றேன். "வழுக்கைதான். ஆனா காஞ்ச ரோட்டுல முழுசா ஒட்டும்னு சொல்லுதாங்க. ஒட்டுதான்னு பாத்துருவோம்" என்றார். யார் சொன்னதையும் அப்படியே நம்புகிற ஆளில்லை அவர். தான் சொன்னதையும் நம்ப மாட்டார்.

பார்ப்பது என்றால் சும்மா பார்ப்பதில்லை. துறைமுகத்துக்குப் போட்ட புது ரோடு ஞாயிற்றுக்கிழமை ஆளரவம் இல்லாமல் கிடக்கும். ரோட்டின் குறுக்கே சாக்பீஸால் கோடு போடுவார். முப்பது மைல் வேகத்தில் வந்து, கோட்டைத் தொட்டதும் பிரேக்கை அமுக்குவார். வண்டி எங்கே நின்றது என்று டேப் பிடித்து அளப்பது என் வேலை. காலை ஆறு மணிக்கு ஒரு தடவை, நடுப்பகல் ஒரு மணிக்கு ஒரு தடவை. கல்லூரித் தெர்மாமீட்டரைத் தாரின் மேல் வைத்து ஈரத் துணியா காய்ந்த துணியா எதைப் போட்டு மூடுவது என்று எங்களுக்குள் ஒரு வழக்கே நடந்தது. அவ்வழியே மீன் கூடையோடு போன திரேஸ்புரத்துப் பெண்கள் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, "ஏளா, இந்த டீச்சருக்கு என்ன வந்துச்சு" என்று சிரித்துக்கொண்டு போனார்கள்.

என் கெட்டி டயரையும் அவர் வரவழைத்ததையும் மாற்றி மாற்றிப் போட்டு ஓட்டியதில் நான்கு ஞாயிறு போயிற்று. என்னுடைய கெட்டி டயர் காலையிலும் பகலிலும் ஒரே மாதிரிதான் நின்றது. மென்மையான டயர் காலைக் குளிர்ச்சியில் பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. ஆனால் பகல் வெயிலில் கெட்டி டயரைவிட ஒன்றரைக் கார் நீளம் முன்னாலேயே நின்றுவிட்டது. நான் மறுபடியும் அளந்தேன். மறுபடியும் அதே கணக்குத்தான். எனக்கு அப்போது உண்டான சந்தோஷத்தை எப்படிச் சொல்ல. தோற்றது என் டயர், இருந்தும் பொடியன் மாதிரி இன்னொரு தடவை ஓட்டச் சொல்லிக் கேட்டேன்.

அப்படி ஒரு பகலில்தான் அது நடந்தது. வண்டி நின்றதும் காற்றை அளந்தேன். காலையில் இருபத்து நாலு பவுண்டு வைத்தது இருபத்தெட்டு காட்டியது. பழக்க தோஷத்தில் குனிந்து, காற்றை இறக்க வால்வை அமுக்கினேன்.

"என்ன செய்யுதீங்க?"

"சூட்டுல காத்து ஏறிருக்கு டீச்சர். இறக்கலைன்னா வெடிச்சிரும்."

"வெடிச்சிரும்னு யாரு சொன்னா?"

யார் சொன்னார்கள்? எல்லாரும் சொன்னார்கள். உப்பு ஏற்றிக்கொண்டு பகலில் மதுரை ரோட்டில் போகிற ஒவ்வொரு லாரிக்கும் என் கடையில் காற்றை இறக்கித்தான் அனுப்புவோம். என் அப்பா செய்தார், நான் செய்தேன்.  டீச்சர் இடது பக்க டயர்களில் மட்டும் இறக்கச் சொன்னார், வலது பக்கத்தை அப்படியே விடச் சொன்னார். பத்து மைல் ஓட்டிவிட்டு வந்து என் கையைப் பிடித்து டயரில் வைத்தார். வலது பக்கத்தில் கையை வைத்திருக்க முடிந்தது. இடது பக்கத்தில் முடியவில்லை. காற்றுக் குறைந்த டயர் அதிகமாக நசுங்கும், நசுங்க நசுங்க உள்ளே சூடு ஏறும், வெடிப்பது அதனால்தான் என்று தாரில் சாக்பீஸால் படம் போட்டுச் சொன்னார். சூட்டில் ஏறுகிற அந்த நாலு பவுண்டைத் தாங்கத்தான் டயரைச் செய்திருக்கிறார்கள் என்றார்.

எனக்கு உடனே அந்தோணி ஞாபகத்துக்கு வந்தான். ஒரு மாதத்துக்கு முன்தான் அவன் ஓட்டிய உப்பு லாரி எட்டயபுரம் தாண்டி நடுப்பகலில் டயர் வெடித்துக் கவிழ்ந்திருந்தது. திரேஸ்புரத்துக்காரன், கடலை விட்டு ஸ்டியரிங் பிடித்தவன். தோள் எலும்பு முறிந்து வீட்டில் கிடந்தான். கண்மண் தெரியாமல் ஓட்டினான் என்று முதலாளி வேலையை விட்டு நீக்கிவிட்டார். அந்தப் பேர் விழுந்தவனுக்கு வேறு யாரும் வண்டி கொடுக்கவில்லை. இது டீச்சருக்கும் தெரியும், ஊருக்கே தெரியும்.

"அன்னைக்கு அந்த லாரிக்குக் காத்து இறக்குனாங்களா?" என்று கேட்டார்.

"இறக்குனாங்க. பதினஞ்சு பவுண்டு."

"யாரு இறக்குனது?"

"டிரைவருதான்" என்றேன்.

பொய். இறக்கியது நான். வாய் ஏன் அப்படிச் சொன்னது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. கடையின் பேர் போய்விடும் என்ற பயம்தான், வேறென்ன.

டீச்சர் மறுநாள் ஒரு தாள் நிறைய எழுதிக்கொண்டு வந்தார். வெடித்தது வேகத்தால் அல்ல, காற்று குறைந்ததால் என்று படத்தோடு விளக்கியிருந்தார். கடைசி வரியில், 'காற்றை இறக்கியவர்: ஓட்டுநர் (கடைக்காரர் சொன்னபடி)' என்று இருந்தது. "லாரி முதலாளி உங்களுக்குத்தான் பழக்கம். நீங்களே குடுத்துருங்க" என்றார். அந்தோணியைக் காப்பாற்ற எழுதிய தாள், என் ஒரு சொல்லால் அவன் கழுத்துக்கே கத்தியாகியிருந்தது. வாங்கிக் கல்லாப்பெட்டிக்குள் வைத்தேன். இரண்டு நாள் அந்தப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் டீச்சரின் கார் கதவு வரை செம்மண் அப்பிக் கடைக்கு வந்தது. தன் அப்பாவுக்குக் கருப்பட்டி வாங்க உடன்குடி போயிருக்கிறார். திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. பள்ளம் இல்லாத டயர் தண்ணீரில் மிதந்து, வண்டி ஒரு சுற்றுச் சுற்றி மணலில் போய்ச் செருகிவிட்டது. கடையில் நாலு டிரைவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் டீச்சர் சொன்னார்: "வெயிலை மட்டும் பாத்தேன் அண்ணாச்சி, மழையை யோசிக்கவே இல்ல. தப்பு என்னோடதுதான். மழைக்காலம் பூரா உங்க கெட்டி டயரே ஓடட்டும்." ஒரு டிரைவர் களுக்கென்று சிரித்தான். டீச்சரும் சேர்ந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று சாயங்காலமே தாளோடு லாரி முதலாளியின் உப்பளத்து ஆபீசுக்குப் போனேன். கடைசி வரியில் 'ஓட்டுநர்' என்பதை அடித்து என் பெயரை எழுதியிருந்தேன். "நான்தான் இறக்குனேன். எல்லா வண்டிக்கும் நான்தான் இறக்குதேன்" என்றேன். முதலாளி தாளை இரண்டு தடவை படித்தார். இனி அவர் வண்டி ஒன்றும் என் கடைக்கு வராது என்றார், சொன்னபடியே பல வருடம் வரவில்லை. ஆனால் தோள் கூடியதும் அந்தோணிக்கு அதே லாரியைக் கொடுத்தார். அந்தோணி என்னைக் கோபிக்கவில்லை. "நீங்க இறக்கும்போது நான் பக்கத்துலதான நின்னேன் அண்ணாச்சி. இன்னும் கொஞ்சம் இறக்குங்கன்னு சொன்னதே நான்தான்" என்றான். அதைக் கேட்டு நான் அழுதேன்.

டீச்சரிடம் சொல்ல எனக்கு இன்னும் ஒரு வாரம் பிடித்தது. மழைக்காக டயர் மாற்ற வந்திருந்தார். ஜாக்கியை ஏற்றிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

"தெரியும்" என்றார். "எவ்வளவு இறக்குனாங்கன்னு நான் கேக்கவே இல்ல. பதினஞ்சு பவுண்டுன்னு நீங்களாச் சொன்னீங்க. அளந்த ஆளுக்குத்தான அது தெரியும்?"

"தெரிஞ்சுமா தாளை என் கையில குடுத்தீங்க? ஏன் டீச்சர் திரும்பக் கேக்கல?"

"அதான் ஒரு தடவை கேட்டேனே அண்ணாச்சி" என்றார்.

உங்களுக்கெல்லாம் அவர் நிறையச் சொல்லிக்கொடுத்திருப்பார். எனக்கு அவரிடமிருந்து மிஞ்சியது ஒன்றுதான். அன்றைக்குப் பிறகு யார் என்னிடம் எதைக் கேட்டாலும், இரண்டாம் தடவை கேட்க நான் விட்டதில்லை.