பாப்பம்மாவின் குரலும் இரண்டு மென்பொருள்களும்

இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில், பழைய கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு பாட்டுப் பதிவு செய்துவந்தவன் அழகமுத்து. பிழைப்புக்கு வயரிங் வேலை. மற்ற நேரமெல்லாம் இரண்டு மென்பொருள்களில் எது உசத்தி என்ற ஆராய்ச்சிதான். ஒன்று ஓசியில் கிடைத்தது. பார்க்க லட்சணமில்லை, எதிரொலி சேர்த்தால் தகரத்தைத் தட்டிய சத்தம் வரும்; ஆனால் கரண்ட் போனாலும் பாடியது பாடியபடி பத்திரமாக இருக்கும். மற்றது கொழும்பு நடைபாதையில் வாங்கிய திருட்டுப் பிரதி. கோயில் மண்டபத்தில் நின்று பாடுவது போல முழங்கும், நினைத்த நேரத்தில் உறைந்தும் நிற்கும். அவன் மனசு அந்தச் சீமாட்டியின் பக்கமே சாய்ந்திருந்தது.

2007 ஏப்ரலில் ஒரு போயா நாள், பௌர்ணமி விடுமுறை. காலை பத்து மணிக்குப் பாப்பம்மா வந்தாள். கொழுந்து பறிக்கிறவள். கழுத்தில் எலுமிச்சங்காய் அளவு கட்டி. மறுநாள் கண்டி ஆஸ்பத்திரியில் அதை அறுக்கப் போகிறார்கள். குரல் நரம்பு ஒட்டியே ஓடுகிறது, குரல் போனாலும் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"எம்மக சந்திரகாந்தா குவைத்துலருந்து பேசுனா, ஒரு பாட்டு பாடும்மான்னு கேட்டுட்டுத்தான் போன வைப்பா. ஆபரேஷன்னு தெரிஞ்சா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்துருவா. அவளுக்குத் தெரியக் கூடாது தம்பி. எங்கொரல புடிச்சு வச்சிரு."

"அதுக்கென்னங்கக்கா, ஜோராப் புடிச்சிருவோம்."

கண்டிக்குப் போகும் பதினொன்றரை பஸ்ஸை விட்டால், யுத்தகாலச் சோதனைச் சாவடியில் இறங்கி வரிசையில் நின்று அடையாள அட்டையைக் காட்டிப் போய்ச் சேர்வதற்குள் நேரமாகிவிடும், வார்டில் சேர்க்கமாட்டார்கள். அழகமுத்து யோசித்தான். தேயிலை ஃபேக்டரியில் கொழுந்தை உருட்டும் ரோலர் ஓடினால் லயத்தில் கரண்ட் விழுந்துவிடும். இன்று போயா, ஃபேக்டரிக்கு லீவு. துணிந்து கொழும்புப் பிரதியையே திறந்தான். மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கியதை அவன் அப்போது உணரவில்லை.

பாப்பம்மா கண்ணை மூடிக்கொண்டு மூன்று சரணமும் பாடினாள். பிசிறில்லை. சேவ் பண்ணியிருக்க வேண்டிய மனிதன், அவளை அசத்திவிட ஆசைப்பட்டு முதலில் எதிரொலியைச் சேர்த்துப் போட்டுக் காட்டினான்.

"நானா பாடுறேன்?" என்றாள் பாப்பம்மா.

பல்பு மங்கியது. கம்ப்யூட்டர் கறுத்துச் செத்தது. கீழே ஃபேக்டரியில் ரோலர் உறுமியது. முந்தின நாள் ஞாயிறு. கொழுந்து பொங்கிக் கிடந்ததால் லீவு நாளென்றும் பாராமல் அன்றைக்கே கைக்காசு கொடுத்து ஆள் இறக்கிப் பறித்திருந்தார்கள். அந்தக் கொழுந்து இராத்திரி ஃபேக்டரியில் வாடப்போட்டு, இன்று ரோலருக்கு வந்துவிட்டது. பறித்தவர்களில் பாப்பம்மாவும் ஒருத்தி. தோட்டத்தில் பிறந்தவனுக்கு இது தெரியாதா? ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

திரும்ப உயிர் வந்த கம்ப்யூட்டரில் பாட்டு இல்லை. அழகமுத்துவுக்குச் செத்துப்போகலாம் போலிருந்தது.

"பாடுனேனேடா," என்றாள் அவள். அதற்கு மேல் திட்டவில்லை.

"என் தப்புதாங்க்கா. இன்னொருக்கா பாடுங்க, கெஞ்சிக் கேக்குறேன்."

இந்த முறை ஓசி மென்பொருள். தொண்டை களைத்திருந்தது. முதல் சரணம் முடிவதற்குள் வளைவில் பஸ் ஹார்ன் கேட்டது. சரணத்தை முடித்தாள், பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. குரல்தான் திரும்பவில்லை, வாயைத் திறந்தால் காற்று வந்தது. ஒரு மாதம் கழித்து சந்திரகாந்தா பேசினாள். பாப்பம்மா போனோடு அழகமுத்து வீட்டுக்கு ஓடிவந்தாள். பாப்பம்மா 'ம்' கொட்டியே ஒப்பேற்றினாள். மகள் பாட்டுக் கேட்டதும் அழகமுத்து போனை ஸ்பீக்கரிடம் பிடித்தான். சரணம் ஓடி முடிந்தது.

"அடுத்ததப் பாடும்மா."

அடுத்தது எங்கே இருக்கிறது? அவன் அதையே மறுபடி ஓடவிட்டான். அதே சொல்லில் குரல் தடுக்கியது. அதே இடத்தில் மூச்சு வாங்கியது. அதுவும் முடிந்தது. பாப்பம்மா சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"யாருங்க பக்கத்துல இருக்கிறது?" என்றாள் சந்திரகாந்தா. "எங்கம்மாவுக்கு என்னாச்சு?"