தம்பி கொண்டுவந்த சட்டம்

என் தம்பி அசஹேல் பர்டி ஒஹாயோ மாநிலச் சட்டசபையில் இரண்டு முறை உறுப்பினராக இருந்தவன். ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊர் மார்லோ துறையிலிருந்து அங்கே போன முதல் ஆள். மற்றவர்கள் பீப்பாயைத் திறந்து விஸ்கி ஊற்றி ஓட்டுக் கேட்டார்கள். இவன் ஒரு சொட்டுகூட ஊற்றாமல் ஜெயித்தான். அதை எழுதும்போது இப்போதும் என் தலை நிமிர்கிறது.

அந்நாளில் ஒவ்வொரு வங்கியும் தன் பெயரில் நோட்டு அச்சடிக்கும்; நோட்டைக் கொண்டுவந்தவர் கேட்டால் வெள்ளி டாலர் தர வேண்டும். சபையில் அவன் கொண்டுவந்த சட்டம் ஒன்றே ஒன்றுதான். தன் நோட்டுக்கு வெள்ளி கொடுக்க முடியாத வங்கியின் தலைவர், வீட்டையும் நிலத்தையும் நோட்டு வைத்திருப்பவர்களுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். பின்னால் ஊரார் வங்கி தொடங்கியபோது, "சட்டம் போட்டவனே உட்காரட்டும்" என்று அவனையே தலைவராக்கினார்கள். ஒவ்வொரு நோட்டிலும் அவனே மை தொட்டுக் கையெழுத்துப் போட்டான்.

1819 கோடையில் கோதுமை விலை சரிந்து, குடியானவர்களால் வங்கிக் கடனைக் கட்ட முடியாமல் போனது. பக்கத்து ஊர் வங்கிகள் இரண்டு ஒரே நாளில் மூடப்பட்டன. மறுநாள் காலை எங்கள் வங்கி வாசலில் நோட்டை வெள்ளியாக மாற்றக் கூட்டம். சின்சினாட்டியிலிருந்து எங்கள் வங்கிக்கு வெள்ளி ஏற்றி வந்த படகோ வறண்ட ஆற்றில் தரைதட்டி நின்றது.

"முழு டாலர் குடுக்காதே. வெட்டு வெள்ளியா தராசுல எடைபோட்டு எடைபோட்டுக் குடு. பொழுது ஓடிடும்," என்றார் வங்கியின் வக்கீல் லைமன்.

வெள்ளி டாலரை உளியால் வெட்டிய துண்டுகள் எல்லார் வீட்டிலும் புழங்கியவைதான். தம்பி தராசை எடுத்தான். அதுதான் பிசகு.

"முழுசு தீந்துபோச்சு! பெட்டியச் சுரண்டிக் குடுக்கிறான்டா!" என்று யாரோ கத்தினார்கள்.

அதுவரை பொறுமையாக நின்றவர்கள் கதவை முட்டினார்கள். தம்பி தராசை ஒதுக்கிவிட்டு அள்ளிக் கொடுத்தான். பெட்டி காலியானது.

"கதவைச் சாத்து," என்றார் லைமன். "சபையில உன் பழைய ஆளுங்க இருக்காங்க. ஒரு வார்த்தை சொன்னா சட்டத்தை ஒரு வருசம் நிறுத்தி வைப்பாங்க."

கணவனை இழந்த பின் நானும் அவன் வீட்டில்தான் இருந்தேன். தம்பி என்னைப் பார்த்தான்.

"அக்கா, வீடு போயிடும்."

"அடுத்தவன் வீட்டுக்குச் சட்டம் போட்டியே, நம்ம வீடு மட்டும் என்ன ஒசத்தி?"

தம்பி கதவைச் சாத்தவில்லை.

வரிசையில் அடுத்து கொல்லன் எலியாப். தம்பிக்காக ஊர் ஊராகப் போய் ஓட்டுக் கேட்டவன்.

"என்ன மாண்புமிகு உறுப்பினரே, வெள்ளி எங்க?"

"இல்ல, எலியாப். வீடும் நிலமும் இனிமே உங்களுக்குத்தான்."

"அட மடையா! உன் வீட்ட வச்சு லாடமா அடிப்பேன்? எனக்கு இரும்பு வாங்கணும்டா!"

அந்த முரடன் எல்லார் முன்னாலும் அழுதான்.

வீட்டை ஏலம் போட்டார்கள். காசில்லாத ஊரில் யார் கேட்பது? வந்த விலையைப் பங்கிட்டதில் யாருக்கும் கால்வாசிகூடத் தேறவில்லை. படகில் வந்த வெள்ளியும் போதவில்லை. எலியாப் பட்டறையை விற்றுவிட்டு இந்தியானாவுக்குப் புறப்பட்டான். தம்பி வண்டிக்குப் பக்கத்தில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான். எலியாப் குதிரையைத் தட்டினான். திரும்பிப் பார்க்கவில்லை.