ஒரு கை பழகிய வண்டி

பெரிய கார் வைத்திருப்பவனுக்குத் திமிர் இருக்கும், அதோடு போயிற்று. சின்ன கார் வைத்திருப்பவனுக்குக் கருத்து இருக்கும். அதைக் கேட்கிறவர்களுக்குக் காபியும் போட்டுக் கொடுக்க வேண்டும் என்றால் எப்படி இருக்கும்? எழுபதுகளில், மயிலாப்பூரில், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எனக்கு அது வாய்த்தது.

பெட்ரோல் விலை கிடுகிடுவென்று ஏறியிருந்த சமயம். எங்கள் வீட்டு வராந்தாவில் மூன்று பேர் கூடுவார்கள். மூவரிடமும் ஒரே மாதிரி வண்டி. இரண்டே கதவு. பின் ஸீட்டுக்குப் போக முன் ஸீட்டை மடக்கி, நம்மையும் மடக்கிக்கொள்ள வேண்டும். இதை விட்டால் ஊரில் கிடைத்தது இன்னும் இரண்டு வகை வண்டிதான்; அவை பெரியவை, பெட்ரோலும் அதிகம் குடிக்கும். அதனால் இந்த மூவருக்கும் தாங்கள்தான் உலகத்தில் புத்திசாலிகள் என்ற எண்ணம் முகத்தில் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

முதலாமவர் என் மாமனார். அரசாங்க உத்தியோகத்தில் ஓய்வு பெற்றவர். பேர் பதிந்து வைத்து வருஷக்கணக்காகக் காத்திருந்து வாங்கிய வண்டி என்பதால், அதை ஓட்டித் தேய்த்துவிட அவருக்கு மனசு வரவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயில் குளத்தை ஒரு சுற்று, அவ்வளவுதான் அதன் உழைப்பு. எப்போதாவது அடையாறு போனால், பாலத்தின் இறக்கத்தில் என்ஜினை அணைத்துவிடுவார். வண்டி சத்தமில்லாமல் உருண்டு இறங்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அரசாங்கத்தையும் எண்ணெய்க் கம்பெனிகளையும் ஒருசேர ஏமாற்றிவிட்ட ஆனந்தம் அதில் இருக்கும். பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்து வாய்க்கு வந்தபடி திட்டுவது அவர் காதில் விழாது.

இரண்டாமவர் தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். தெற்கத்திக்காரர். குடும்பத்தில் எல்லாரையும், அவர்கள் மடியில் சேலை மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டுதான் வண்டியை எடுப்பார். "சாமி, வண்டிய வாங்கித் துணி போட்டு மூடி வச்சா ஓடுமா? பாரம் ஏத்தணும் பாத்துக்கிடுங்க. பாரம் இருந்தாத்தான் தரையப் பிடிச்சு ஓடும்" என்பார். அவருடைய வண்டி தரையைப் பிடித்து மட்டுமல்ல, தரையை உரசிக்கொண்டே ஓடியது.

மூன்றாமவர் அடையாறில் பல் டாக்டர். எதிரே இருப்பவர் வாயைத் திறந்தபடி பதில் பேச முடியாமல் கிடப்பதே அவருக்குப் பழக்கம். "மெதுவா ஓட்டினா என்ஜின்ல கரி பிடிச்சுடும் சார். மிதிக்கணும். நல்லா மிதிக்கணும்" என்று அழுத்தம் திருத்தமாகச் சொல்வார். அவர் வண்டியில் ஒருதரம் ஏறியவர்கள் மறுதரம் பஸ்ஸில் போனார்கள்.

இப்படி எதிலும் ஒத்துப்போகாத மூவரும் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போனார்கள். வண்டி ஒரு கைக்குத்தான் பழகும். இரண்டாவது கை பட்டால் கெட்டுப்போகும். கிளட்ச் குழம்பும், மைலேஜ் விழும், விற்கப் போனால் மதிப்பும் இருக்காது. அந்தக் காலத்தில் பேப்பரில் பழைய காருக்கு விளம்பரம் கொடுப்பவர்கள்கூட 'ஒரே கையில் இருந்த வண்டி' என்று போடுவார்கள். பெண்ணைக் கொடுக்கிற பேச்சு மாதிரி இருக்கும் எனக்கு.

நான் ஏன் இவ்வளவு எரிச்சல்படுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். என்னிடம் டிரைவிங் லைசென்ஸ் இருந்தது. கல்யாணத்துக்கு முன்பே தி.நகரில் ஒரு டிரைவிங் ஸ்கூலில், கப்பல் மாதிரி ஒரு பெரிய காரில் கற்றுக்கொண்டு வாங்கியது. தரமணிப் பக்கம் ஒரு கல்லூரியில் தற்காலிக ஆசிரியை வேலையும் இருந்தது. மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாக ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்த என் கணவருக்கே வண்டிச் சாவி கிடையாது, மருமகளுக்கா கிடைக்கும்? காலையில் நிரம்பி வழிந்து வரும் பஸ், ஸ்டாப்பில் நிற்காமலே போய்விடும். பல நாள் நான் தாமதமாகப் போனேன். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை பிரின்ஸிபால் அம்மா கூப்பிட்டு, வருகிற திங்கள்கிழமை பரீட்சை தொடங்குகிறது, அன்றைக்கும் லேட் என்றால் நீ வராமலே இருந்துவிடலாம் என்று சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் பயமாக இருந்தது.

அன்று சாயங்காலமே மாமனாரிடம் வேலை போகப்போகிறது என்று சொல்லிக் கேட்டேன். "பரீட்சை முடியற வரைக்கும் கார்ல போயிட்டு வரட்டுமா, அப்பா?"

"ஏம்மா, உனக்குத்தான் பஸ் இருக்கே" என்றார். "அது என் கைக்குப் பழகின வண்டி. ரெண்டு கை பட்டா அப்புறம் யாருக்கும் அடங்காது."

குதிரை ஒன்றை வீட்டில் கட்டி வைத்திருப்பதாக அவருக்கு நினைப்பு. அந்த வீட்டில் நான் வேலைக்குப் போவதே பொழுதுபோகாமல் செய்கிற காரியம் என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தார்கள். போனால் போகிறது என்று விட்டுவிட எனக்கு முடியாது. படித்த படிப்புக்கு எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வராந்தாவில் சண்டை முற்றிவிட்டது. யார் வண்டி அதிகம் மைலேஜ் தருகிறது என்று. மூன்று பேரும் வாய்க்கு வந்ததை அளந்தார்கள். கடைசியில் டாக்டர், "பேசிண்டே இருந்தா எப்படி? பாட்டில் டெஸ்ட் வெச்சுடலாம்" என்றார். மெக்கானிக்குகள் செய்கிற சோதனை அது. பெட்ரோல் டாங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு, ஒரு லிட்டர் பெட்ரோல் ஊற்றிய பாட்டிலை என்ஜின் பக்கத்தில் கட்டி, அதிலிருந்து டியூப் விட்டு ஓட்டுவது. எங்கே போய் நிற்கிறதோ அதுதான் வண்டியின் யோக்கியதை. சாந்தோமில் கிளம்பி, அடையாறு பாலம் தாண்டி, திருவான்மியூர் போய்த் திரும்பி வரவேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். பாலம் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது என் மாமனார்தான்.

யார் ஓட்டுவது என்பதில் மறுபடி சண்டை. அவரவர் வண்டியை அவரவர் ஓட்டினால் இவர் பாலத்தில் அணைப்பார், அவர் மிதிப்பார். கணக்கு சரியாக வராது. மூன்றையும் ஒரே ஆள் ஓட்டினால்தான் நியாயம். மெக்கானிக் ஓட்டலாம் என்றால், அவன் ஜவுளிக்கடைக்காரரின் ஆள். அப்போதுதான் காபி டம்ளர்களை எடுக்க நான் வராந்தாவுக்கு வந்தேன். மூவரும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். நான் அப்போது ரொம்ப ஒல்லி.

"கனமே இல்லாத பிள்ளை. லைசென்ஸும் இருக்குன்னுல்லா சொன்னீங்க, சாமி?" என்றார் ஜவுளிக்கடைக்காரர்.

இரண்டாவது கை பட்டால் கெட்டுப்போகும் என்ற வேதவாக்கு அரை நிமிஷத்தில் காற்றோடு போயிற்று. அடுத்தவரைவிட அதிகம் மைலேஜ் காட்டுவதற்காக இந்த மனிதர்கள் எதையும் விட்டுக்கொடுப்பார்கள் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். வேலை போகப்போகிறது என்று சொன்னபோது அசையாதவர், இப்போது சாவியைத் தானே கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

அதற்குப் பிறகு நடந்த கூத்தை இன்று நினைத்தாலும் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வருகிறது. கனத்தைக் குறைக்கிறார்களாம். மூன்று வண்டியிலும் பின் ஸீட்டைக் கழற்றினார்கள். டிரைவர் பக்கத்து ஸீட்டைக் கழற்றினார்கள். ஸ்டெப்னி, ஜாக்கி, காலடி மிதியடி எல்லாம் வராந்தாவுக்கு வந்தன. பாரம்தான் வண்டிக்கு அழகு என்று வருஷக்கணக்காகப் பேசிய ஜவுளிக்கடைக்காரர் எல்லாருக்கும் முன்னால் ஸ்பானரை எடுத்தார். முன்கண்ணாடிக்குக் கீழே ஒட்டியிருந்த பிள்ளையாரை எடுப்பதா வேண்டாமா என்று தீவிரமாக ஆலோசித்து, இருக்கட்டும் என்று விட்டார்கள். டாக்டர் என் வளையல்களைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்த பார்வையில் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

வண்டியில் என்னைத் தவிர யாரும் ஏறக்கூடாது, ஆனால் என்னைக் கண்காணிக்கவும் வேண்டும். ஆகவே மூன்று பேரும் ஒரு டாக்ஸியைப் பிடித்து என் பின்னாலேயே வந்தார்கள். ஒரு லிட்டர் பெட்ரோலில் மிச்சம் பிடிக்கும் வித்தையைக் கண்டுபிடிக்க, காலை முழுக்க டாக்ஸி.

வண்டிகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. டாக்டருடையது மிதிபட்டு மிதிபட்டு இருமியது. ஜவுளிக்கடைக்காரருடையது ஒரு பக்கமாகச் சாய்ந்தே போயிற்று. எங்களுடையது ஓட்டப்படாததால் கொஞ்சம் விறைப்பாக இருந்தது. பாலம் தாண்டியதும் அதுவும் இளகிவிட்டது. கடல் காற்று அடிக்க, ஞாயிற்றுக்கிழமைக் காலியான சாலையில், யாரும் பக்கத்தில் உட்கார்ந்து உபதேசம் செய்யாமல் ஓட்டினேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கல்யாணம் ஆகி வந்த பிறகு அவ்வளவு சந்தோஷமாக இருந்ததாக ஞாபகமில்லை.

ஜெயித்தது எங்கள் வண்டி. மற்ற இரண்டும் திரும்பும்போது அடையாறிலேயே நின்றுவிட்டன. எங்களுடையது பாலம் ஏறி இறங்கி, சாந்தோம் பக்கம் வந்துதான் மூச்சை விட்டது. மாமனார் டாக்ஸியிலிருந்து இறங்கி ஓடிவந்து பானெட்டைத் தடவிக் கொடுத்தார். "பாத்தேளா? எப்படிப் பழக்கி வெச்சிருக்கேன்!" என்றார் மற்றவர்களிடம். ஓட்டியது நான் என்பது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

நல்ல சமயம் என்று நினைத்து, வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "நாளைக்கு ஒரு நாள் மட்டும் காலேஜுக்கு எடுத்துண்டு போறேனே, அப்பா. இப்பத்தான் ஓட்டிப் பாத்தாச்சே."

"அதனாலதான் சொல்றேன்" என்றார். "உன் கை பட்டிருக்கு. நாளைக்குக் கார்த்தால குளத்தைச் சுத்தி நாலஞ்சு தரம் ஓட்டி, பழையபடி என் கைக்குக் கொண்டுவரணும்."

டாக்டரும் ஜவுளிக்கடைக்காரரும் அது ரொம்பச் சரி என்று தலையாட்டினார்கள். தங்கள் வண்டிகளுக்கும் அப்படியே செய்யப்போவதாகச் சொன்னார்கள். ஆசாரம் கெட்டதற்குப் பரிகாரம்! தீட்டு பட்டது யாரால் என்று நான் கேட்கவில்லை. சமையலறைக்குப் போய்ப் பாத்திரத்தை ணங்கென்று வைத்தேன்.

திங்கள்கிழமை காலை குளக்கரை பஸ் ஸ்டாப்பில் நின்றேன். முதல் பஸ் சாய்ந்தபடி வந்து நிற்காமல் போயிற்று. அடுத்ததும் அப்படியே. அப்போது எங்கள் வண்டி வந்தது. மாமனார் மட்டும் உள்ளே. கழற்றிய ஸீட்டுகள் இன்னும் வராந்தாவில்தான் கிடந்தன. இரண்டாவது கியரில் உறுமிக்கொண்டே என்னைத் தாண்டிப் போனார். என்னைப் பார்த்து ஹாரன்கூட அடித்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தார், மறுபடி போனார்.

பக்கத்தில் பூ விற்றுக்கொண்டிருந்த அம்மாள், "இன்னாமா, உன் மாமனாரு காலங்காத்தால சொம்மா சுத்திக்கினு கீறாரு? வண்டில எடம் கீதே, உன்னிய ஏத்திக்கினு போவக்கூடாதா?" என்றாள்.

என்ன பதில் சொல்வது? என் கை பட்ட தீட்டைக் கழிக்கிறார் என்றா? எனக்கு அவமானமாக இருந்தது. அதற்கு மேல் கோபமாக இருந்தது. அடுத்த தடவை அவர் வளைவில் திரும்பியதும் நேராகச் சாலையில் இறங்கி வண்டிக்கு முன்னால் நின்றேன்.

பிரேக் போட்டார். என்ஜின் அணைந்தது. பின்னால் வந்த பஸ் ஒன்று அலறிக்கொண்டு நின்றது. மாமனார் சோக்கை இழுத்தார், சாவியைத் திருகினார், மறுபடி சோக்கை இழுத்தார். வண்டி முனகியதே தவிர கிளம்பவில்லை. பஸ்ஸிலிருந்து கண்டக்டர் தலையை நீட்டி, "யோவ் பெர்சு, எடுய்யா வண்டிய! இன்னா, சாமி ஊர்வலமா போய்க்கினு கீற?" என்று கத்தினான். படிக்கட்டில் தொங்கிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள்.

வண்டி நின்றால் உடனே பானெட்டைத் திறந்து பார்ப்பது மாமனார் வழக்கம். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது, இருந்தாலும் திறப்பார். அன்றைக்கும் இறங்கி முன்னால் போய்த் திறந்தார். நான் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். சோக்கை இழுத்து இழுத்து என்ஜினைப் பெட்ரோலில் மூழ்கடித்திருந்தார்; அதை உள்ளே தள்ளி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க அமுக்கிச் சாவியைத் திருகினேன். கிளம்பிவிட்டது.

"என்னம்மா பண்றே?" என்றார்.

"பானெட்டை மூடுங்கோ, அப்பா. எனக்கு நேரமாறது."

"என் வண்டி…"

"மூடுங்கோ."

பஸ்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. மாட வீதி முழுக்க வேடிக்கை பார்த்தது. அவர் மூடினார். மூடிவிட்டு நடைபாதையில் ஏறி நின்றார். நான் திரும்பிப் பார்க்காமல் போனேன். பாலத்தின் இறக்கத்தில் என்ஜினை அணைக்கவில்லை; மிதித்தேன்.

சாயங்காலம் வீட்டுக்குள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியபோது மூன்று பேரும் வராந்தாவில் இருந்தார்கள். திங்கள்கிழமை அவர்கள் கூடியது அதுதான் முதல் தடவை. மாமனார் எழுந்து படியிறங்கினார். வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். குனிந்து கிளட்ச் வாசனை பிடித்தார். டாக்டர் சக்கரத்தைத் தட்டிப் பார்த்தார். ஜவுளிக்கடைக்காரர் மீட்டரை எட்டிப் பார்த்து, "தரமணி போய்வர எம்புட்டு குடிச்சுதும்மா?" என்று கேட்டார்.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாயா, வேலை இருக்கிறதா போயிற்றா என்று அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. மணி அடிப்பதற்கு முன்பே போய்விட்டேன் என்று நானும் சொல்லவில்லை. சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். அன்றைக்கு நான் காபி போடவில்லை.