சவேரிக்கு இனி மீன் இல்லை

மீன் விற்கும் கிளாடிஸ், வீட்டுக்கு எந்தச் சீவன் வந்தாலும் முதலில் மீனைத்தான் வைப்பாள். மகன் ரெக்சன் கப்பல் வேலைக்குப் போகுமுன் விட்டுச்சென்ற தரையாமை சவேரிக்கும் அப்படித்தான். ஏழு வருடமாகக் கூடையிலிருந்து நல்ல துண்டாக ஒன்றை எடுத்து வைத்து, அவித்து, முள் நீக்கி, தன் கையாலேயே ஊட்டினாள். அவள் நடையின் அதிர்வு பட்டதுமே அது வாசலுக்கு ஊர்ந்து வந்துவிடும்.

அந்தச் சவேரி பத்து நாளாக ஓட்டுக்குள்ளிருந்து தலையை நீட்டவில்லை. கால்நடை டாக்டர் இசக்கிசெல்வி ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"என்னக்கா தீனி குடுக்கிய?"

"நாங்க திங்கதத்தான். சீலா மீன் துண்டு."

"கிட்னி ரெண்டும் போச்சுக்கா. இது இலைதழை திங்கிற சீவன். மீனு இதுக்கு ஆகவே ஆகாது."

கிளாடிஸ் மீன் வாடை அடிக்கும் தன் கையைப் பார்த்தாள். "அப்ப நாந்தான் கொன்னுட்டனா, டாக்டரம்மா?"

"இருக்க நாளுக்கு வேதனையில்லாமப் பாத்துக்கிடுங்க. தினம் வெதுவெதுப்பான தண்ணியில உக்கார வைங்க."

அன்று முதல் கிளாடிஸ் வியாபாரம் முடிந்து வந்ததும் மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினாள். சவேரியைத் தண்ணீரில் இறக்கி, செம்பருத்தி இலையை நீட்டினாள். ஐந்தாம் நாள் அது மெல்லக் கழுத்தை நீட்டியது. இலையை விட்டுவிட்டு, அவள் விரல்களை ஒவ்வொன்றாக முகர்ந்தது. எதைத் தேடுகிறது என்று அவளுக்குத் தெரியாதா?

"இல்லய்யா. அம்மா இனிமே தரமாட்டேன்," என்று விம்மினாள்.

சவேரி அவள் உள்ளங்கையில் தலையைச் சாய்த்துக்கொண்டது. தண்ணீர் ஆறும்வரை கிளாடிஸ் கையை அசைக்கவே இல்லை.