புகை வந்த வீடு

படூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டு வருடம் சமையல் வேலை பார்த்தேன். மழை பிடித்துக்கொண்டால் அந்த வீட்டில் எல்லோருக்கும் ஒரு குஷி வந்துவிடும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, வெங்காய பஜ்ஜி போடு, மிளகு ரசம் வை, மழைக்கு நன்றாக இருக்கும் என்பார்கள். போட்டுக் கொடுப்பேன். குமிழைத் திருகினால் எரிகிற அடுப்பில் பஜ்ஜி போடுவதற்கு எனக்கு என்ன கஷ்டம்? ஆனாலும் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம் கோபம் வரும். அவர்கள் மேல் இல்லை. பல வருடங்களுக்கு முன்னால் எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு ஒரு ஆள் எழுதிய நோட்டுப் புத்தகத்தின் மேல்.

வடக்கே பனி கொட்டுகிற ஒரு மலை ஊரிலும், ஒரு வீட்டில் ஒரு குளிர்காலம் பாத்திரம் கழுவியிருக்கிறேன். கதவைத் திறக்க முடியாத பனி. அந்த வீட்டுக்காரி மழைக்காலம் முடிந்ததுமே விறகைப் பிளந்து ஆள் உயரத்துக்குக் கூரைக்கடியில் அடுக்கிவிட்டாள். மாவு மூட்டையும் உருளைக்கிழங்கும் உள்ளே வந்துவிட்டன. இரண்டு மாதம் அவள் வீட்டில் அடுப்பு அணையவே இல்லை. அந்தக் குளிரில் என் கால் விரல் இரண்டு மரத்துப்போயின. இன்றைக்கும் அவற்றில் உணர்ச்சி குறைவுதான். அது போகட்டும். அந்த விறகு அடுக்கைப் பார்க்கும்போதுதான் எனக்குத் தாங்காது. பனி வெளியேதான் நிற்கிறது. எங்கள் மழை வீட்டுக்குள் வந்துவிடும்.

தொண்ணூறுகளில் ஒரு கார்த்திகை. நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். மறைமலைநகரில் கம்பெனி கேண்டீன், நடுவில் கொஞ்ச நாள் லாரி கிளீனர், பிறகு மகாபலிபுரத்தில் லாட்ஜ் சமையலறை என்று சுற்றிக்கொண்டிருந்தேன். ஓர் இடத்தில் ஆறு மாதம் நின்றதில்லை. அந்த முறை வீட்டுக்கு வந்தது தங்கையின் குழந்தையைப் பார்க்க. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்து, ஐந்தாம் நாள் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். ஒரு நாள் இருந்துவிட்டுக் கிளம்புவதாக இருந்தேன். அன்று பிடித்த மழை ஒன்பது நாள் விடவில்லை.

எங்கள் காலனி மகாபலிபுரத்துக்கு மேற்கே, ஏரிக்குக் கீழே இருந்தது. மண் சுவர், பனை ஓலைக் கூரை, ஒரே அறை. அப்பா இறந்து நாலு வருடம் ஆகியிருந்தது. வீட்டில் அம்மா, தங்கை, பச்சைக் குழந்தை, நான். மச்சான் மறைமலைநகரில் கம்பெனி வேலையில் மாட்டிக்கொண்டார்; சாலையில் தண்ணீர் ஓடியதால் பஸ் இல்லை. மழையின் முதல் நாளே அம்மா வாசல் சேற்றில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. ஒரு துணியைச் சுற்றிக் கழுத்தில் தூளி போலக் கட்டிவிட்டேன். அப்படித்தான் சமையல் என் கைக்கு வந்தது.

லாட்ஜில் ஐம்பது பேருக்குச் சமைத்தவன் நான். பிள்ளை பெற்றவளுக்கு ஒரு சட்டி பத்தியக் குழம்பு வைக்கத் தெரியவில்லை. அம்மா சுவரில் சாய்ந்துகொண்டு இடது கையால் காட்டிக் காட்டிச் சொல்வாள். மிளகும் சீரகமும் பூண்டும் அம்மியில் மையாக அரைக்க வேண்டும். பால் சுறாக் கருவாடு இரண்டு துண்டு. பால் ஊறுவதற்கு எங்கள் பக்கத்தில் அதுதான் மருந்து. சோறு குழைய வேண்டும். எல்லாம் சூடாகவே இருக்க வேண்டும். பச்சை உடம்புக்காரி ஆறினது எதையும் தொடக் கூடாது. இதில் அம்மாவிடம் பேச்சுக்கே இடமில்லை.

அரிசி இருந்தது. கருவாடு கூரையில் தொங்கியது. இல்லாதது காய்ந்த விறகு. மண்ணெண்ணெய் இரண்டாம் நாளே தீர்ந்தது. சவுக்குத் தோப்பில் பொறுக்கி வைத்திருந்த மிளாறு, சுள்ளியெல்லாம் கூரை ஒழுகி நனைந்து கிடந்தன. அதற்கு அம்மா ஒரு வழி வைத்திருந்தாள். எங்கள் அடுப்புக்குப் பக்கத்தில் கொடியடுப்பு உண்டு. பெரிய அடுப்பின் சூடு அதன் வழியாக வரும். சமைக்கும்போதெல்லாம் ஈர மிளாறைக் கொடியடுப்பின் மேல் அடுக்கிவிட வேண்டும். காலைச் சமையலின் சூட்டில் மாலைக்கான விறகு காயும். மாலைச் சூட்டில் மறுநாளைக்கானது காயும். சமையல் முடிந்ததும் கங்குகளைச் சாம்பலில் புதைத்து வைத்தால் அடுத்த வேளைக்கு உயிரோடு இருக்கும். ஒரு வேளை அணைந்தால் அடுத்த வேளைக்கு விறகும் இல்லை, நெருப்பும் இல்லை. தீப்பெட்டி எப்போதோ நமுத்துவிட்டது. இப்படி மூன்று நாள் ஓட்டினோம். கண் இரண்டும் மிளகாய்ப் பழம் போலச் சிவந்துவிட்டன. ஆனால் தங்கைக்கு மூன்று வேளையும் சூடான சோறு போனது, குழந்தைக்குப் பால் இருந்தது.

ஐந்தாம் நாள் காலை உலை வைத்திருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடி வந்தார். பாதிக்கப்பட்ட வீடுகளைக் கணக்கெடுக்க அரசாங்க ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்களாம். பட்டியலில் பெயர் ஏறினால் அரிசியும் மண்ணெண்ணெயும் உண்டு. ஆனால் புகை வருகிற வீட்டில் சமையல் நடக்கிறது, அந்த வீடு பாதிக்கப்படவில்லை, அதுதான் அவர்கள் கணக்காம். முந்தின நாள் பக்கத்துத் தெருவில் ஒரே ஒரு வீட்டில் புகையைப் பார்த்துவிட்டு, தெருவுக்கே ஒன்றும் ஆகவில்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்களாம்.

"எல்லாரும் அணைச்சிட்டோம் தம்பி. ஒங்க வூட்ல மட்டும் பொகை வந்துகினு கீது. ஒரு வேளைதான, அணைச்சிடு" என்றார்.

தங்கை முந்தின நாள் மாலை சாப்பிட்டவள். அரிசி பாதி வெந்திருந்தது. அம்மா மெதுவாக எழுந்து சாம்பல் அள்ளும் தகரத்தை எடுக்கப் போனாள். கங்கை மூடிவிடலாம் என்பது அவள் எண்ணம். நான் அதற்குள் கணக்குப் போட்டுவிட்டேன்: மண்ணெண்ணெய் கிடைத்தால் ஸ்டவ் எரியும், இந்த மிளாறு பிழைப்பே வேண்டாம். லாட்ஜில் வேலை முடிந்ததும் பெரிய அடுப்பில் ஒரு வாளி தண்ணீரை அடித்து ஊற்றிவிட்டுப் போவோம். அந்தக் கைப்பழக்கம். உலையை இறக்கிவிட்டு, ஒழுகலுக்கு வைத்திருந்த குண்டானைத் தூக்கி அடுப்பில் அப்படியே கவிழ்த்தேன். கங்கு செத்தது. கொடியடுப்பின் மேல் காய்ந்துகொண்டிருந்த விறகும் நனைந்தது. அம்மா தகரத்தைக் கையில் பிடித்தபடி நின்றாள். திட்டியிருந்தால் பரவாயில்லை.

அவர்கள் வந்தார்கள். இரண்டு பேர். ஒருவர் எழுதுகிறவர், இன்னொருவர் குடை பிடிக்கிறவர். குடை நோட்டுப் புத்தகத்துக்கு மேலே பிடிக்கப்பட்டிருந்தது. எழுதுகிறவர் வாசலிலிருந்தே தலையை உள்ளே நீட்டினார். அடுப்பிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

"இன்னாயா, இப்பதான் ஊத்துனியா?" என்று கேட்டார். கூரை ஒழுகியது என்றேன். அவர் சிரித்தார். பானையை எட்டிப் பார்த்தார்.

"அரிசி கீது, அடுப்பு கீது. அப்பறம் இன்னா கொறை ஒங்களுக்கு?"

எழுதினார். என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியும். எட்டாவது வரைக்கும் படித்தவன்தானே. எங்கள் கதவு எண்ணுக்கு நேரே ஒரு கோடு, பாதிப்பு இல்லை என்று. கூட வந்தவர் பாவம் பார்த்து மூன்று சோற்றுப் பொட்டலம் கொடுத்தார். குழந்தையை ஆள் கணக்கில் சேர்க்கவில்லை. தெருவில் மற்ற எல்லா வீடும் பட்டியலில் ஏறியது.

இதைத்தான் இத்தனை வருடமாக என்னால் விழுங்க முடியவில்லை. புகை வந்தால் அந்த வீட்டில் குறையில்லையாம். அந்தப் புகைக்காக ஒருத்தி வீங்கிய கையோடு விடியலில் எழுந்து சாம்பலைக் கிளறி ஊதியிருக்கிறாள். அது அவர் நோட்டில் எந்தக் கட்டத்திலும் வராது. அடுப்பை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், அப்போதுதான் நாங்கள் கஷ்டப்படுகிறவர்கள். பெண்டு பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தால் அது குற்றம். இந்தக் கணக்கை யார் போட்டார்களோ, அவர்கள் வீட்டில் ஒரு வேளை சோறு அவர்கள் கையால் வெந்திருக்காது.

பொட்டலத்தைப் பிரித்தேன். புளிசோறு, விடியலில் கட்டினது, ஜில்லென்று இருந்தது. அம்மா இடது கையால் அதை மறுபடி மடித்தாள். குழந்தை வறட்டு மார்பைச் சப்பிவிட்டு வீறிட்டது.

"குடும்மா, துன்றேன். எனக்கு ஒண்ணும் ஆவாது" என்றாள் தங்கை.

"ஒனக்கு ஆவாது. அதுக்கு ஆவும்" என்றாள் அம்மா, குழந்தையைக் காட்டி.

அம்மா சொன்னது சரியா தப்பா என்று இன்றைக்கு டாக்டரைக் கேட்டால் வேறு சொல்லலாம். அன்றைக்கு எங்களுக்கு அதுதான் தெரியும். தீப்பெட்டியில் மிச்சம் இருந்த குச்சிகளை எல்லாம் உரசிப் பார்த்தேன். மருந்து களிம்பாக வழிந்ததே தவிர ஒன்றும் பற்றவில்லை. தெருவில் எல்லா வீட்டு அடுப்பும் செத்திருந்தது. அம்மா தயிர்ச் சட்டியை என்னிடம் நீட்டினாள். "பள்ளிக்கூடத்துல எரியும். போய் எடுத்துகினு வா" என்றாள்.

பள்ளிக்கூடம் அரை மைல். முட்டியளவு தண்ணீர். சத்துணவுக் கொட்டகையில் காய்ந்த புளியங்கட்டை வைத்து அடுப்பு திகுதிகுவென்று எரிந்துகொண்டிருந்தது. பொட்டலமெல்லாம் எங்கிருந்தோ லாரியில் வந்ததுதான். இது வந்திருந்த ஆட்களுக்கான சமையல். சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. நோட்டுப் புத்தகக்காரர் பெஞ்சில் காலை மடக்கி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அவருடைய சாக்ஸ் இரண்டும் அடுப்போரமாகக் காய்ந்துகொண்டிருந்தன.

என்னை அடையாளம் தெரிந்தது. பொட்டலம் வாங்கினவன்தானே நீ என்றார். நெருப்பு வேண்டும் என்றேன். அதெல்லாம் கொடுக்கச் சொல்லி எங்களுக்கு உத்தரவு இல்லை என்றார். நெருப்புக்கு உத்தரவு. எனக்குச் சுருக்கென்று ஏறியது.

"சார், ஒங்க கொழந்த பொறந்தப்போ வூட்ல அவங்களுக்கு இன்னா போட்டீங்க? ஆறிப்போன புளிசோறா?"

அவர் டீயைப் பார்த்தார். அடிப்பாரோ, போலீஸைக் கூப்பிடுவாரோ என்று நின்றுகொண்டிருந்தேன். இரண்டும் நடக்கவில்லை. சத்துணவு ஆயா என் கையிலிருந்த சட்டியைப் பிடுங்கினார். நாலு கரண்டி கங்கு அள்ளிப் போட்டார்.

"நெருப்ப எடுக்கறதுக்கு எவன் கையெழுத்துடா வேணும்" என்று யாரையும் பார்க்காமல் சொன்னார். கங்கின் மேல் சாம்பலை நிரவி, காய்ந்த கட்டை ஐந்தாறு என் அக்குளில் செருகினார். "இப்பிடி மூடி வச்சிருக்கணும் தம்பி. ஊத்திட்டியா?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். அந்த நோட்டுக்காரர் முன்னால் வராத வெட்கம் அந்த ஆயா முன்னால் வந்தது.

சட்டியை வயிற்றோடு அணைத்து, மேலே சாக்கைப் போர்த்திக்கொண்டு நடந்தேன். நடு வழியில் சூடு ஏறியது. இறக்கி வைக்க இடமில்லை, எங்கும் தண்ணீர். வயிற்றில் ஒரு உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வெந்துபோனது. வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்.

அம்மா என்னை அடுப்புப் பக்கம் விடவில்லை. இடது கையாலேயே ஈரச் சாம்பலை வழித்தாள், கங்கைப் பரப்பினாள், ஆயா கொடுத்த கட்டையை வைத்து ஊதினாள். புகை ஓலை இடுக்கெல்லாம் வழியாக வெளியே போனது. பக்கத்து வீட்டு அக்கா வாசலில் வந்து நின்றார். புகையைப் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து, நானும் தயாராகத் திரும்பினேன். அவர் கையில் ஒரு ஓட்டாஞ்சில்லு இருந்தது.

"எங்க வூட்டுக்கும் ரெண்டு கங்கு போடேன்" என்றார். "பசங்க புளிசோத்த துன்னுட்டு வாந்தி எடுத்துகினு கீதுங்க."

கொடுக்கக் கூடாது என்று ஒரு நிமிடம் தோன்றியது. அம்மா அதற்குள் போட்டுவிட்டாள். அவரிடமிருந்து நெருப்பு அடுத்த வீட்டுக்குப் போனது. பட்டியலில் ஏறின வீடுகளுக்கு மண்ணெண்ணெய் வந்தது உண்மைதான். மழை நின்று, வெயில் அடித்து, மிளாறெல்லாம் காய்ந்த பிறகு, மூன்றாம் நாள். எங்களுக்கு அதுவும் இல்லை.

அன்று பாதி வெந்த அரிசியையே மறுபடி கொதிக்க வைத்துக் குழைத்தோம். நான் கருவாட்டைக் கழுவி, மிளகு அரைத்தேன். தங்கை தட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஆவி முகத்தில் அடிக்க, ஊதி ஊதிச் சாப்பிட்டாள். நாங்கள் இரண்டு பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரம் கழித்துக் குழந்தையை எடுத்தாள். அழுகை விட்டு விட்டு வந்து, அப்புறம் குழந்தை விழுங்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

"நாளைக்கு கருவாட்ட இன்னும் நல்லா கழுவுண்ணா. ஒரே உப்பு" என்றாள் தங்கை, நிமிராமலே.

சரி என்றேன். ஈர மிளாறை எடுத்துக் கொடியடுப்பின் மேல் அடுக்கினேன். பிறகு கங்கைச் சாம்பலால் மூடினேன்.